விரல் விட்ட இடத்தில் வெளிச்சம்

கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தும் கடைகளுக்கு மதிப்பிருந்த காலத்தில், ஊமையாகிப்போன பெட்டியை மேசையில் கவிழ்த்ததும் திருத்துகிறவர் முதலில் செய்வது ஒன்றுதான். வொலியூம் கொன்ட்ரோலின் நடுக்காலில் விரலை வைப்பார். ஸ்பீக்கரிலிருந்து உறுமல் வந்தால், அந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எல்லாம் உயிரோடு இருக்கிறது, நோய் அதற்கு முன்னால் என்று அர்த்தம். வராவிட்டால் நோய் அதற்குப் பின்னால். வீட்டு வயர்களில் ஓடும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை மனித உடம்பு அன்டெனா போல வாங்கி, விரல் வழியாகச் சர்க்கிட்டுக்குள் இறக்குவதால் வரும் சத்தம் அது. கரண்ட் எடுக்காத வளவுகளில் பற்றரி ரேடியோவைத் திறந்தால் உறுமல் கேட்காது, விரல் பட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். கைதேர்ந்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

“மனே, ஸ்பீக்கர்ல இரிந்து பின்னுக்கு வா. எங்க சத்தம் நிக்கிதோ அங்கதான் நோய் இரிக்கி.” பள்ளிக்கூடம் விட்ட பின்னேரங்களில் கடை வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு காக்கா சொல்லித்தந்த வழி இது. இன்றைக்கும் எந்தப் போர்டைத் திறந்தாலும் அந்த வழியில்தான் போகிறேன்.

விரல் பட்டால் சர்க்கிட் குரல் மாறும் என்பதை நம்மூர்க்காரர் நோய் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் ஒரு பையன் அதையே இசையாக்கினான். 1966-67 வாக்கில், ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தில், ரீட் கஸாலா என்ற அந்தப் பையனின் மேசை லாச்சிக்குள் பின்மூடி கழன்ற குட்டி அம்ப்ளிஃபையர் ஒன்று கிடந்தது. அதன் சர்க்கிட் ஏதோ உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகி, தானாகவே ஊளையிட்டுச் சுருதி மாற்றத் தொடங்கியது. தற்செயலாக இப்படி வருமென்றால் வேண்டுமென்றே செய்தால் என்ன வரும் என்று அவர் ஆராயத் தொடங்கினார். பின்னாளில் விளையாட்டுச் சாமான்களைத் திறந்து, இணையக்கூடாத புள்ளிகளை வயரால் இணைத்து, சுவிட்ச் போட்டு, விரல் வைப்பதற்கென்றே உலோகப் புள்ளிகளை வெளியே எடுத்து, புதிய வாத்தியங்களாக்கினார். 1992இல் ‘எக்ஸ்பெரிமென்டல் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’ என்ற சஞ்சிகையில் எழுதும்போது அதற்கு ‘சர்க்கிட் பென்டிங்’ என்று பெயரிட்டார். 2005இல் அதைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். அதற்கு முந்திய வருடம் நியூயோர்க்கில் ‘பென்ட் ஃபெஸ்டிவல்’ என்று இதற்கெனத் தனி விழாவே தொடங்கிவிட்டது.

நான் இங்கே எழுத வந்தது அந்தக் கலையின் இரண்டாம் படியைப் பற்றி. விரல் செய்த வேலையை, பொம்மைக்கு வெளியே தனியாகக் கட்டிய இன்னொரு சர்க்கிட் செய்வது. பொம்மையின் சுருதியை மெல்ல ஏற்றி இறக்குவது, பட்டனைத் தாளத்துக்கு அமுக்குவது, குரலை நடுங்கவைப்பது எல்லாம் இதில் சேரும். மொடியுலேஷன் என்று சொல்வார்கள். நான் அதை ‘ஆட்டும் சர்க்கிட்’ என்று எழுதிக்கொண்டு போகிறேன்.

பேசுகிற, பாடுகிற சாமான்கள் எங்கள் வீடுகளுக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. அப்போது பிள்ளைகளுக்குக் கிடைத்தது கொடியேற்றக் கடையில் வாங்கும் ஊதுகுழலும் கிலுகிலுப்பையும்தான். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பேரில் கொடி ஏறும் நாட்களில், மணலில் வரிசையாகக் கடை போடுவார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதையடுத்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது, பெட்டிக்குள் பனியன் துணிக்கும் வாசனைப் போத்தலுக்கும் நடுவில் கேசட் ரேடியோவும், பட்டனை அமுக்கினால் பேசும் பிளாஸ்டிக் சாமான்களும் இருந்தன. ஊரின் காதுகளுக்கு ஜப்பானிய, ஹொங்கொங் சத்தங்கள் அறிமுகமானது அந்தப் பெட்டிகள் வழியாகத்தான்.

ஐ.சி.யால் பேசிய பொம்மைகளின் முன்னோடி 1978இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’. ஆங்கில எழுத்துக்கூட்டல் படிப்பிக்கும் பொம்மை. மனிதக் குரலை ஒலிநாடாவில் வைத்திருக்காமல், கணக்காக வைத்துக்கொண்டு ஒரே ஐ.சி.க்குள் திரும்பக் கட்டியெழுப்பிப் பேசியது அது. குரல்வளையையும் வாயையும் ஒரு வடிகட்டியாகப் பாவித்து, வடிகட்டியின் அளவுகளை நினைவில் வைத்திருக்கும் முறை. அந்த ஐ.சி. எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட வேண்டும் என்பதை வெளியே இருந்த ரெசிஸ்டரும் கண்டென்சரும் தீர்மானித்தன. ரெசிஸ்டரைக் குறைத்தால் துடிப்பு வேகமாகும், குரல் குருவிக் குரலாகும். கூட்டினால் துடிப்பு தளரும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சர்க்கிட் பென்டிங் செய்கிறவர்கள் அந்தப் பொம்மையைத் தலையில் வைத்துக் கொண்டாடியதற்குக் காரணம் அதன் குரல் மட்டுமல்ல. பிடிப்பதற்கு ஒரு கைப்பிடியை வெளியே விட்டுவைத்திருந்தார்கள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த மலிவுச் சாமான்களிலும் அந்தக் கைப்பிடி இருந்தது. பின்மூடியைக் கழற்றினால் பச்சையோ பழுப்போ ஒரு போர்ட். அதில் கண்ணுக்குத் தெரியும் அளவில் ஏழெட்டு ரெசிஸ்டர், இரண்டு மூன்று கண்டென்சர், ஸ்பீக்கருக்கு ஒரு ட்ரான்சிஸ்டர். பொம்மை பாடிக்கொண்டிருக்கும்போதே விரலை நாவில் தொட்டு ஈரமாக்கி, ஈயப் பொட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனால், ஓரிடத்தில் சுருதி திடீரென்று எகிறும். அதுதான் துடிப்பைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர். ஈரவிரல் அதற்குப் பக்கத்தில் இன்னொரு ரெசிஸ்டராக நின்றுவிடுகிறது. ரேடியோ காக்காமார் செய்த அதே வேலை. தேடுவது நோயை அல்ல, குரல்வளையை. பற்றரியில் ஓடும் சாமான்களுக்கு மட்டும்தான் இது. சுவர் பிளக்கில் சொருகும் எதையும் திறந்து விரல் வைக்கக்கூடாது. இந்தத் துறையில் எழுதியவர்கள் இதை வலியுறுத்திச் சொல்கிறார்கள்.

விரலில் ஒரு அழகு இருக்கிறது. அமுக்கத்தைக் கூட்டிக் குறைத்தால் குரல் வீணைத் தந்தியைப் போல வளையும். ஆனால் விரல் களைத்துப்போகும். வியர்த்தால் ஒரு சுருதி, காய்ந்தால் ஒரு சுருதி. கல்முனையின் பகல் புழுக்கத்தில் ஒரு தடவை வந்தது இரவில் கடற்காற்று வீசும்போது வராது. நேற்று வந்த ஒரு நல்ல வளைவை இன்றைக்கும் வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு, விரலுக்குப் பதிலாக நின்று வேலை செய்ய ஒன்று தேவைப்பட்டது.

அந்த ஒன்றுக்கான அடிப்படை யோசனை பொம்மைக்கு வெகு முந்தியது. 1964இல் ரொபர்ட் மூக் தன் சின்தசைசரைக் கட்டியபோது, சத்தத்தை எழுப்பும் பகுதியை வோல்டேஜ் ஒன்றால் ஆளலாம், அந்த வோல்டேஜை மெதுவாக அலையும் இன்னொரு பகுதி தரலாம் என்று செய்து காட்டினார். 1969இல் அப்படியொரு மூக் இந்தியாவுக்கே வந்துவிட்டது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், கீதா சாராபாயின் முயற்சியால், டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் அதை நிறுவிக்கொடுத்தார். அங்கே சில வருடங்கள் ஒலிப்பதிவுகள் நடந்தன. பிறகு அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. பெரிய நிறுவனத்தின் விலையுயர்ந்த கருவிக்குள் இருந்த அதே யோசனை, ஒரு பொம்மைக்குப் பக்கத்தில் ஒற்றை ஐ.சி.யாக உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் நாட்டில் அந்த யோசனை யாரும் கேட்டு வாங்காத வடிவத்திலும் வந்திருக்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளை நிமிர்த்தி வைத்து, டைனமோவைச் சுற்றி, வானொலிச் செய்தி கேட்டார்கள். அப்படிக் கேசட் ஓடிய வீடுகளில் மிதி தளர்ந்தால் பாட்டும் தொய்ந்தது, மிதித்தால் எழுந்தது. ஒரு காலின் களைப்பு பாட்டின் சுருதியில் கேட்டது. போர் தந்த அந்த ஒலியை ஆட்டும் சர்க்கிட்டின் வரலாற்றில் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

இனி மேசைக்கு வருகிறேன். என் கையில் இருக்கும் பொம்மையில் துடிப்பைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரில் கபிலம், பச்சை, மஞ்சள் என்று மூன்று வரி. 150 கிலோஓம். அதைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு துளைகளிலிருந்தும் இரண்டு வயரை வெளியே எடுத்தால், பொம்மையின் கைப்பிடி வெளியே வந்துவிடுகிறது. அந்த வயர்களுக்கு நடுவில் வெளிச்சத்துக்கு இளகும் எல்.டி.ஆர். ஒன்றை வைக்கலாம். இருட்டில் அது பத்து இலட்சம் ஓம் அளவுக்கு இறுகும், நல்ல வெளிச்சத்தில் சில ஆயிரம் ஓமுக்கு இறங்கும். வெறுமனே அதை மட்டும் வைத்தால் பொம்மை கெட்டுப்போகாது, ஆனால் வேலைக்கும் ஆகாது. வெளிச்சம் அதிகமானால் துடிப்பு எல்லை மீறி ஐ.சி. திணறி நின்றுவிடும், இருட்டானால் குரல் இழுபட்டு இழுபட்டுச் செத்துப்போகும். அதனால் எல்.டி.ஆருக்குப் பக்கத்தில் 220 கிலோஓம் ஒன்றை இணையாகவும், இரண்டுக்கும் முன்னால் 47 கிலோஓம் ஒன்றைத் தொடராகவும் போடுகிறேன். இப்போது முழு வெளிச்சத்தில் மொத்தம் 50 கிலோஓமுக்குப் பக்கத்தில் நிற்கும், இருட்டில் 227ஐ எட்டும். பொம்மை தன் இயல்பான வேகத்தின் மூன்று மடங்கு வரைக்கும் ஏறும், மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் இறங்கும். மொத்தத்தில் இரண்டு ஸ்தாயிக்குக் கொஞ்சம் கூட. பாட்டுக்கு இது தாராளம்.

எல்.டி.ஆரின் முகத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை வைத்து, இரண்டையும் கறுப்பு டேப்பால் வெளி வெளிச்சம் உள்ளே வராதபடி சுற்றிக் கட்ட வேண்டும். இதன் ஆயத்த வடிவத்துக்கு ‘வாக்ட்ரோல்’ என்று பெயர். கலிபோர்னியாவில் டொன் புக்லா தன் சின்தசைசர்களில் அதைப் பாவித்திருக்கிறார். டேப் சுற்றியது அதே வேலையைச் செய்யும். எல்.ஈ.டி. ஏறி இறங்கினால் பொம்மையின் சுருதி ஏறி இறங்கும். இரண்டு சர்க்கிட்டுக்கும் நடுவில் வயர் தொடர்பே இல்லை, வெளிச்சம் மட்டுமே போகிறது. இந்தப் பக்கம் 9 வோல்ட் பற்றரி, அந்தப் பக்கம் பொம்மையின் 4.5 வோல்ட். ஒன்றின் இரைச்சல் மற்றதற்குள் போகாது, பிழையாகக் கட்டினாலும் பொம்மை எரியாது. முதன்முதலாகக் கட்டுகிற பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வது அதனால்தான்.

எல்.ஈ.டி.யை ஆட்ட 555 ஐ.சி. போதும். ஹன்ஸ் கமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் அடுத்த வருடம் விற்பனைக்கு விட்ட அந்த ஐ.சி., அரை நூற்றாண்டு தாண்டியும் கடைகளில் இருக்கிறது. 1 கிலோஓம், 100 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டால் ஒன்றரை செக்கனுக்குச் சற்றுக் குறைய ஒரு சுற்று ஓடும். ஆனால் அதன் வெளிவாயில் காலில் எல்.ஈ.டி.யைக் கட்டினால் ‘பற்று, அணை’ என்று இரண்டு நிலைதான். பொம்மையும் இரண்டு சுருதிக்கு நடுவில் குதிக்கும். மெதுவாக மூச்சு விட வேண்டுமென்றால் கண்டென்சர் இருக்கும் காலைப் பார்க்க வேண்டும். அங்கே வோல்டேஜ் பற்றரியின் மூன்றில் ஒன்றுக்கும் மூன்றில் இரண்டுக்கும் நடுவில், அதாவது 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் நடுவில், வளைந்து ஏறி வளைந்து இறங்குகிறது. அதை நேரே இழுத்தால் துடிப்பே கெட்டுவிடும். நடுவில் ஒரு ட்ரான்சிஸ்டரை நிறுத்தி, அதன் எமிட்டரிலிருந்து 1 கிலோஓம் வழியாக எல்.ஈ.டி.க்குக் கொடுத்தால், விளக்கு முழுதாக அணையாமல் பெருகிச் சுருங்கும். பொம்மையின் ‘ஏ ஃபோர் ஆப்பிள்’ அப்போது அலையில் ஏறி இறங்கும் வள்ளத்தில் இருந்து யாரோ கூப்பிடுவது போலக் கேட்கிறது.

அந்த ட்ரான்சிஸ்டர் எங்கிருந்து வரும் என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கிடக்கிறது. அன்று ஒவ்வொரு ரேடியோ கடையிலும் செத்த போர்டுகளின் குவியல் ஒன்று இருக்கும். சி945, சி1815, பிசி547 எல்லாம் அதற்குள் கிடக்கும். தேவையானதை ஈயம் உருக்கி உருவிக்கொள்ள வேண்டும், காலின் வரிசையை மீட்டரால் கண்டுபிடிக்க வேண்டும். புதிது வேண்டுமென்றால் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று ஃபோனில் தட்டினால் நூறு ரெசிஸ்டர் கொண்ட பை சீனாவிலிருந்து வருகிறது. 40106 என்ற ஐ.சி. ஒன்றில் ஆறு துடிப்புகளை ஒன்றாகக் கட்டலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர் மட்டுமே வேண்டும். அன்று ஒரு 555க்குக் காத்திருந்த நேரத்தில் இன்று ஆறு ஆட்டிகள் மேசைக்கு வந்துவிடும். 2022இல் இறக்குமதி முடங்கி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய மாதங்களில் மட்டும் பழைய குவியலுக்குத் திரும்பினோம். குவியலில் முந்தைய அளவுக்குச் சரக்கு இல்லை.

கடற்கரை ஊருக்கு உப்பும் ஓர் எதிரி. பற்றரி கம்பிச்சுருளில் துரு, செப்புக் கோடுகளில் பச்சைக் களிம்பு. சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டு கேசட் ரேடியோவை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து ஓடவிட்டோம். சில மாதம் பாடியது. உள்ளே உப்பு கோட்டைத் தின்றுகொண்டே இருந்து ஒருநாள் அறுத்துவிட்டது. அதனால் வெளியே கட்டும் சர்க்கிட்டைத் திறந்த போர்டாக விடாதீர்கள், ஈயப் பக்கத்தில் நகப்பூச்சாவது பூசுங்கள் என்று இங்கே யாருக்கும் சொல்வேன்.

பாகங்கள் பெருகிய அதே காலத்தில் பொம்மைக்குள் கைப்பிடி மறைந்துபோனது. இன்று பஸாரில் வாங்கும் பாடும் சாமானைத் திறந்தால் போர்டின் நடுவில் கறுப்புக் குழம்பு ஊற்றிக் காய்ந்த பொட்டு ஒன்றுதான் இருக்கிறது. ஐ.சி.யை நேரே போர்டில் ஒட்டி மேலே எபொக்ஸி ஊற்றிவிடுகிறார்கள். துடிப்பைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரும் அதற்குள்ளேயே போய்விட்டது. ஈரவிரலை எங்கே வைத்தாலும் பொம்மை அசைவதில்லை. விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திறந்து பார்க்கும் பிள்ளைக்கு உள்ளே ஒன்றும் சொல்லாத ஒரு சாமானை நாங்கள் கையில் கொடுக்கிறோம். அது எனக்கு மனவருத்தம்.

ஆனாலும் மூன்று வழி மிச்சம் இருக்கிறது. துடிப்பு எழுப்பும் படிகம் வெளியே இருக்கும் கொஞ்சம் விலைகூடிய சாமான் கிடைத்தால், அதைக் கழற்றிவிட்டு எல்டிசி1799 என்ற கடுகளவு ஐ.சி.யை வைக்கலாம். ஒரே ரெசிஸ்டரால் 1 கிலோஹேர்ட்ஸிலிருந்து 33 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் அது துடிப்பு தரும். அந்த ரெசிஸ்டரின் இடத்தில் மறுபடியும் நம் டேப் சுற்றிய எல்.டி.ஆர். போய் உட்காரலாம். படிகமும் இல்லாவிட்டால் பட்டன்களைப் பிடிக்கலாம். பொம்மையின் பட்டன் என்பது இரண்டு செப்புக் கோடுகளை ஒரு ரப்பர் தொட்டுவைப்பது, அவ்வளவுதான். அந்த இரண்டு கோட்டுக்கும் 4066 ஐ.சி.யின் ஒரு சுவிட்சைக் கட்டிவிட்டால், வோல்டேஜ் வரும்போதெல்லாம் பட்டன் அமுங்கியதாகப் பொம்மை நினைத்துக்கொள்ளும். இங்கே வெளிச்சம் இல்லை, நேரடி வயர். அதனால் 4066ஐயும் அதை ஆட்டும் ஐ.சி.களையும் பொம்மையின் பற்றரியிலிருந்தே ஓட்ட வேண்டும். 555இன் துடிப்பை 4017 என்ற எண்ணும் ஐ.சி.க்குக் கொடுத்தால் அதன் பத்து வெளிவாயிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும். எட்டாவது வெளிவாயிலை ரீசெட் காலில் கட்டிவிட்டால் ஏழோடு திரும்பும். ஒவ்வொரு வெளிவாயிலையும் ஒரு 4066 சுவிட்சுக்குக் கொடுத்தால், மாடு கத்தி, கோழி கத்தி, ரயில் கூவி, ஏழு எண்ணிக்கையில் ஒரு தாளவட்டம்.

மூன்றாவது வழி கறுப்புப் பொட்டின் வாய்க்கு உணவைக் குறைப்பது. பற்றரிக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு ட்ரான்சிஸ்டரை வைத்து, ஆட்டும் சர்க்கிட்டால் அதைத் திறந்து மூடினால், உள்ளே போகும் வோல்டேஜ் ஏறி இறங்கும். வோல்டேஜ் இறங்க இறங்கப் பல பொம்மைகளின் உள்துடிப்பும் தளரும், சுருதி தொய்யும், சொல் சிதறும், ஒரு கட்டத்தில் பொம்மை தன்னை மறந்து முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தி வைப்பதற்குக் காது வேண்டும். பற்றரி தேயும்போது பொம்மை அழுவதைக் கேட்ட எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சத்தம் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று நம் கடைகளில் அலிஃப், பா, தா சொல்லித்தரும் பலகைகளும், சூரா, துஆ ஓதும் சாமான்களும் நிறைய வருகின்றன. சர்க்கிட்டைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றுதான். ஓதல் பதிந்த எதையும் நான் தொடமாட்டேன், பிள்ளைகளையும் தொடவிடமாட்டேன். அந்தக் குரலை இழுத்து வளைத்துக் கேட்க எனக்கு மனம் வராது, ஊருக்கும் வராது. ஆங்கில எழுத்து, மிருகச் சத்தம், ரயில், பிறந்தநாள் பாட்டு என்று வளைப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

ரேடியோ கடைகள் இருந்த பஸாரில் இன்று ஃபோன் கடைகள். அங்கே இருக்கிற தம்பிமாருக்குப் பழைய காக்காமாரின் கை இல்லை என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ், சூடான காற்றை ஊதி, எள்ளை விடச் சிறிய பாகத்தைத் தூக்கி இன்னொன்றை வைக்கிறார்கள். செத்த ஃபோனைப் பவர் சப்ளையில் கட்டி, அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்ற எண்ணைப் பார்த்தே நோய் எங்கே என்று சொல்கிறார்கள். பழைய விரலின் இடத்தில் அவர்களிடம் அந்த எண் இருக்கிறது. குறைந்துபோனது வேறொன்று: சத்தத்தோடு பழக்கம். ஃபோன் திருத்துகிறவருக்கு ஒரு துடிப்பு வேகமாவதைக் காதால் கேட்க வேண்டிய தேவை ஒருநாளும் வருவதில்லை. ரேடியோ காக்காவுக்கு நாள் முழுக்க அதுதான் வேலை.

பள்ளிக்கூடப் பக்கம் பார்த்தால் நிலைமை முந்தையதைவிட நல்லது. சாதாரண தரத்தில் மின், இலத்திரனியல் தொழினுட்பப் பாடம் இருக்கிறது. 2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பத் துறையே தனியாக வந்தது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் பொறியியல் பீடம் இருக்கிறது. எங்கள் காலத்தில் இவை ஒன்றும் கிடையாது. 555ஐ வைத்து எல்.ஈ.டி. மினுக்கும் பயிற்சியைச் செய்யாத தொழினுட்ப மாணவரை நான் இப்போது காண்பது குறைவு. மினுக்கிக் காட்டிப் புள்ளி வாங்கியதும் அந்தப் போர்ட் மேசைக்குக் கீழே போய்விடுகிறது. அந்த எல்.ஈ.டி.யின் முகத்தில் ஓர் எல்.டி.ஆரை வைத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றி, ஒரு பழைய பொம்மையை அதில் கட்டிப் பாருங்கள் என்று ஆசிரியர்கள் சொன்னால் போதும். கண்ணால் பார்த்த ஒரு கணக்கை அந்தப் பிள்ளை காதால் கேட்கும். கண்டென்சரை இரண்டு மடங்காக்கினால் அலை இரண்டு மடங்கு நீளுவதைச் சூத்திரம் எழுதாமலே புரிந்துகொள்ளும். ஆர்டுயினோ இருக்கிறதே, நான்கு வரி எழுதினால் எல்.ஈ.டி. மூச்சு விடுமே என்று கேட்பார்கள். விடும், நன்றாகவே விடும். ஆனாலும் முதல் தடவை கையால் ரெசிஸ்டரை மாற்றி, பிழையைச் சத்தமாகக் கேட்டுப் பழகட்டும் என்பது என் கட்சி.

இப்போது என் மேசையில் இருப்பது றபானுக்காகக் கட்டியது. நோன்பு இரவுகளில் ஸஹருக்கு எழுப்ப பக்கீர்பாவாமார் கொட்டி வந்த றபான் ஊரின் தாளம். பொம்மையை அதனால் ஆட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சிறு மைக் ஒன்று றபானைக் கேட்கும். எல்எம்386 அதைப் பெருக்கும். ஒரு டையோடும் கண்டென்சரும் அந்தச் சத்தத்தின் உருவத்தை மட்டும் எடுத்து எல்.ஈ.டி.க்குக் கொடுக்கும். பிறகு டேப்புக்குள் எல்.டி.ஆர்., பிறகு பொம்மை. தோலின் நடுவில் ‘தும்’ என்று விழும் ஒவ்வொரு அடிக்கும் பொம்மையின் குரல் மேலே துள்ளி மெல்ல இறங்குகிறது. ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் சற்றே அசைகிறது. றபானின் அடியும் பொம்மையின் குரலும் ஒரே கையிலிருந்து வருவது தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் கை வேகமெடுத்தால் பிசகுகிறது. எல்.டி.ஆர். வெளிச்சத்துக்குச் சட்டென்று இளகும், இருட்டுக்கு இறுக நேரம் எடுக்கும். ஓர் அடியிலிருந்து இறங்குவதற்குள் அடுத்த அடி விழுந்து, சுருதி மேலேயே தொங்கிவிடுகிறது. அதற்கு எல்.டி.ஆரை விட்டுவிட்டு பிசி817க்குப் போக வேண்டும். அதற்குள்ளும் வெளிச்சம்தான் போகிறது, எதிரே இருப்பது மட்டும் ட்ரான்சிஸ்டர். பல மடங்கு வேகம். எல்.டி.ஆரைப் போல இரண்டு பக்கமும் ஓடாது, பொம்மையின் எந்த வயர் கூட்டல், எது கழித்தல் என்று பார்த்துக் கட்ட வேண்டும். நாலு காலுள்ள அந்தச் சிறு ஐ.சி. பழைய ஃபோன் சார்ஜர்கள் பலவற்றுக்குள் இருக்கிறது. பஸாரில் ஃபோன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் செத்த சார்ஜர்களை ஒரு பையில் எனக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார். சுவரிலிருந்து கழற்றிய பிறகும் அவற்றின் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை முதலில் வெறுமையாக்கிவிட்டு, மீட்டரில் சுழி காட்டுவதைப் பார்த்த பிறகுதான் சோல்டரிங் அயனைக் கையில் எடுக்க வேண்டும்.